அலை எந்தப் பக்கம் திரும்பும்? வாவித் துடுப்பிலிருந்து மில்லிமீற்றர் அலை வரை

மட்டக்களப்பைப் பற்றி எழுத வெளிக்கிட்டால் பாடும் மீனை விட்டுவிட்டு எழுத முடியாது. நாங்களும் அங்கிருந்துதான் தொடங்குறம். நிலவு நாளில் தோணியில் போய், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணிக்குள்ள விட்டு, மற்ற நுனியைக் காதில் வைத்தால் சத்தம் துலக்கமாகக் கேட்கும் எண்டு வாவிக்கரையில் எல்லாரும் சொல்லுவாங்க. இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1848 செப்டெம்பரில் இங்கே வந்து அதைக் கேட்டார். சத்தம் போடுவது ஊரிதான் என்று மீனவர்கள் அவருக்குச் சொன்னார்கள். அவர் இரண்டு விசயங்களைக் குறித்து வைத்தார். தோணியின் மரத்தில் காதை வைத்தபோது சத்தம் கூடியது. தோணி நகர நகர, இடத்துக்கு இடம் சத்தம் மாறியது.

அந்த இரண்டாவது குறிப்பைக் கொஞ்சம் கவனியுங்க. ஒரு காதை மட்டும் வைத்துக்கொண்டு சத்தம் எந்தத் திசையில் இருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமென்றால், அந்தக் காது இடம் மாறி மாறிக் கேட்க வேண்டும். ஒரே நேரத்தில் பல இடங்களில் பல காதுகளை வைத்தால் நகரவே தேவையில்லை. ஒவ்வொரு காதுக்கும் சத்தம் வந்து சேர்ந்த நேரத்தில் இருக்கிற சின்ன வித்தியாசமே திசையைச் சொல்லிவிடும். அதைத் திருப்பிப் போட்டால், பல வாய்கள் சின்ன நேர வித்தியாசத்தில் பேசினால், சத்தத்தை நாங்கள் நினைத்த திசைக்கு மட்டும் அனுப்பலாம். இதைத்தான் பொறியியலாளர்கள் பீம்ஃபோர்மிங் என்று சொல்றாங்க. இந்தக் கட்டுரையில் கற்றையாக்கல் என்று எழுதுகிறோம். 5ஜி பற்றிய பேச்சில் மில்லிமீற்றர் அலை என்ற சொல் வருகிற இடத்திலெல்லாம் பின்னால் நிற்பது இந்த வித்தைதான்.

இதன் வரலாற்றை எழுதுறதுக்கு எங்களுக்கு ஒரு காரணம் இருக்கு. கற்றையை எப்படித் திருப்பலாம் என்று பௌதிகவியல் சொல்லும். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அது சொல்லாது. அதை ஆட்கள் தீர்மானிக்கிறார்கள். அந்தத் தீர்மானங்கள் எடுக்கப்பட்ட நேரங்களில் எங்கட கரை எங்கே நின்றது என்று பார்க்க விரும்பினோம்.

எட்டுப் பேரும் ஒரு வாவியும்

முதலில் வித்தையை விளங்கிக்கொள்வோம். வாவியில் முழங்கால் தண்ணியில் எட்டுப் பேர் ஒரே வரிசையில் சம இடைவெளி விட்டு நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்க. எல்லாரும் ஒரே கணத்தில் உள்ளங்கையால் தண்ணியில் அடித்தால், எட்டு அலைகளும் வரிசைக்கு நேர் எதிரே ஒன்றோடு ஒன்று சேர்ந்து பெரிய அலையாகப் போகும். வேறு திசைகளில் ஒருவரின் அலை மேடு இன்னொருவரின் பள்ளத்தில் விழுந்து அழிந்துபோகும். உயர்தரத்தில் பௌதிகவியல் செய்தவங்களுக்கு இது தலையீடு என்ற பாடத்தில் வந்த சங்கதிதான். அவத்தை ஒத்தால் கூடும், எதிரானால் அழியும்.

இப்ப அதே எட்டுப் பேரும் ஒருவர் பின் ஒருவராக, ஒரு சின்னத் தாமதத்தோடு அடிக்கட்டும். ஒருத்தரும் நிற்கிற இடத்தை மாற்றவில்லை. ஆனாலும் பெரிய அலை இப்போது சரிவாக, கடைசியாக அடித்தவரின் பக்கம் சாய்ந்து போகும். தாமதத்தைக் கூட்டினால் சாய்வு கூடும். வரிசையைத் திருப்பாமல், தாளத்தை மாற்றியே திசையை மாற்றிவிட்டோம்.

அன்ரனாக்களுக்கும் இதே கணக்குத்தான். அரை அலைநீள இடைவெளியில் அன்ரனாக்களை வரிசையாக வைத்து, பக்கத்துப் பக்கத்து அன்ரனாக்களுக்கு இடையில் 90 பாகை அவத்தை வித்தியாசம் கொடுத்தால் கற்றை 30 பாகை சாயும். 28 கிகாஹேட்ஸ் மீடிறனில் அந்த 90 பாகை எவ்வளவு நேரம் என்று கணக்குப் பார்த்தோம். ஒரு செக்கனை இலட்சம் கோடி துண்டாக்கினால் அதில் ஏறத்தாழ 9 துண்டு. அந்த அளவு நுணுக்கமாகத் தாளம் போடக்கூடிய சிப்புகள் மலிவாகக் கிடைக்கிற காலம் வரைக்கும் இந்த வித்தை போன்களுக்கு எட்டாததாகவே இருந்தது.

கல்கத்தாவில் 5 மில்லிமீற்றர்

ஹைன்ரிச் ஹேட்ஸ் 1880களின் கடைசியில் ஜெர்மனியில் மின்காந்த அலைகளை உண்டாக்கிக் காட்டியபோது அவற்றின் அலைநீளம் சென்ரிமீற்றர், மீற்றர் கணக்கில் இருந்தது. ஒளியைப் போலவே இவையும் தெறிக்கும், முறியும் என்று விரிவாகச் சோதிக்க இன்னும் குட்டையான அலைகள் தேவைப்பட்டன. அந்த வேலையைச் செய்தவர் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் பௌதிகவியல் படிப்பித்த ஜகதீஷ் சந்திர போஸ். 1894 தொடக்கம் அவர் தானே வடிவமைத்துச் செய்வித்த கருவிகளால் 25 மில்லிமீற்றரில் இருந்து 5 மில்லிமீற்றர் வரையான அலைகளை உண்டாக்கினார். 5 மில்லிமீற்றர் என்பது இன்றைய கணக்கில் 60 கிகாஹேட்ஸ். 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில், சுவர்களைத் தாண்டி அனுப்பிய அலையால் ஒரு மணியை அடிக்கவைத்து, வெடிமருந்தைப் பற்றவைத்துக் காட்டினார். 1897 சனவரியில் இலண்டன் றோயல் இன்ஸ்டிடியூஷனில் தன் கருவிகளைக் கொண்டுபோய் விளக்கினார்.

எங்கட கதைக்கு முக்கியம் அவர் பயன்படுத்திய கொம்பு அன்ரனா. புனல் மாதிரி வாய் விரிந்த உலோகக் குழாய் அது. அலை நாலாபக்கமும் சிதறாமல் ஒரு திசையில் குவிந்து போக அது உதவியது. வில்லைகளைப் பயன்படுத்தினார். முறுக்கிய சணல் நாரைக் கொண்டு அலையின் முனைவாக்கத் தளத்தைச் சுழற்றினார். வங்காளத்தில் மலிவாகக் கிடைத்த சணல், உலகத்தின் மிகப் புதிய பௌதிகவியலுக்குள் அப்படி நுழைந்தது.

பிறகு என்ன நடந்தது? மார்க்கோனியும் மற்றவர்களும் நீண்ட அலைகளின் பக்கம் போனார்கள். கடலைத் தாண்ட வேண்டும், கப்பல்களோடு பேச வேண்டும், பேரரசின் மூலைகளை இணைக்க வேண்டும் என்றால் நீண்ட அலைதான் உதவும். மில்லிமீற்றர் அலை கண்ணுக்கு நேரே தெரிகிற தூரம் வரைக்கும்தான் போகும். போஸும் பின்னாளில் தாவரங்களை ஆராயப் போய்விட்டார். மில்லிமீற்றர் அலை ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆய்வுகூட மூலையில் கிடந்தது. உலகப் பொறியியலாளர் சங்கமான ஐ.இ.இ.இ., போஸின் பரிசோதனைகளை வரலாற்று மைல்கல்லாக அறிவித்தது 2012இல்தான்.

கொம்பால் செய்த கற்றைக்கு ஒரு குறை உண்டு. திசையை மாற்ற வேண்டுமென்றால் கொம்பையே திருப்ப வேண்டும். எட்டுப் பேரின் வித்தையை முதலில் வானொலி அலையில் செய்து காட்டியவர் ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருந்த ஃபேர்டினான்ட் பிரவுன். 1905இல் மூன்று அன்ரனாக்களை முக்கோணமாக நிறுத்தி, ஒன்றுக்கு மட்டும் தாமதம் கொடுத்து, அலை ஒரு பக்கம் பலமாகப் போவதைக் காட்டினார். எந்த அன்ரனாவுக்குத் தாமதம் என்பதை மாற்றியபோது திசையும் மாறியது. 1909 நோபல் பரிசை மார்க்கோனியோடு பங்கிட்டவர் இவர்தான். 1937இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஃப்ரீஸும் ஃபெல்ட்மனும், அத்திலாந்திக்கைத் தாண்டி வருகிற தொலைபேசி அலைகளைப் பல அன்ரனாக்களால் பிடித்து, எந்தக் கோணத்தில் கேட்பது என்பதை மின்சுற்றாலேயே மாற்றும் முறையை வெளியிட்டார்கள். அடுத்த இரண்டு வருசத்தில் உலகப் போர் தொடங்கியது. கற்றை ராடருக்குள் போனது.

1942 ஏப்ரல் 9

அந்தப் போர் எங்கட கடலுக்கும் வந்தது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அங்கே ராடரில் இருந்து முன்னெச்சரிக்கை கிடைக்கவில்லை. நான்கு நாள் கழித்துத் திருகோணமலையைத் தாக்கியபோது ராடர் அவை வருவதை முன்கூட்டியே கண்டது. பாதுகாப்பு விமானங்கள் வானில் ஏறியிருந்தன. அக்கால ராடர்களில் பல, மீற்றர் கணக்கான அலைகளை அன்ரனா வரிசைகளால் கற்றையாக்கி வானத்தைத் துழாவின.

அதே காலையில் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ் மட்டக்களப்புக் கடலில் இருந்தது. தாக்குதல் வரும் என்று முதல்நாள் இரவே திருகோணமலைத் துறைமுகத்தை விட்டு, கரையோரமாகத் தெற்கே வந்திருந்தது. விமானந்தாங்கி என்று பெயர்தான், அன்றைக்கு அதில் ஒரு விமானம்கூட இல்லை. ஜப்பானிய வேவு விமானம் ஒன்று அதைக் கண்டு செய்தி அனுப்பியது. அந்தச் செய்தியைப் பிரித்தானியர்கள் இடைமறித்துக் கேட்டும் விட்டார்கள். திரும்பி வா என்று கப்பலுக்குக் கட்டளை போனது. காவலுக்கு அனுப்பிய விமானங்கள் வந்து சேர்ந்தபோது கப்பல் மூழ்கிவிட்டது. அதிலிருந்த 307 பேர் இறந்தார்கள். கூட வந்த அவுஸ்திரேலியக் கப்பல் வம்பயரும் மூழ்கியது. தப்பியவர்களில் பெரும்பாலானவர்களை வீட்டா என்ற வைத்தியசாலைக் கப்பல் ஏற்றிக்கொண்டு போனது. ஹேர்மிஸ் இன்றைக்கும் எங்கட கடலில் 50 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது. உலகெங்கும் இருந்து சுழியோடிகள் வந்து பார்க்கிறார்கள்.

இந்தச் சம்பவத்தில் நாங்கள் கவனிக்கிறது ஒன்றைத்தான். ஆபத்து வருகிறது என்று தெரிந்திருந்தது. அந்த அறிவு, தேவைப்பட்ட இடத்தில், தேவைப்பட்ட நேரத்தில் உதவியாக மாறவில்லை. துறைமுகத்தைக் காக்க வைத்த கண், துறைமுகத்தைக் காத்தது. அதற்குத் தெற்கே இருந்த கடல் அந்தக் காவலின் விளிம்பில் கிடந்தது.

தலைக்கு மேலால் போன கற்றை

போர் முடிந்த பிறகும் கிழக்கு மாகாணத்தில் கற்றைகள் இருந்தன. 1980களில் ஜெர்மனியின் டொச்ச வெல்ல வானொலி திருகோணமலையில் ஓர் அஞ்சல் ஒலிபரப்பு நிலையத்தை அமைத்தது. ஜெர்மனியில் இருந்து வரும் நிகழ்ச்சிகளை வாங்கி, பலமான சிற்றலைகளாக ஆசிய நாடுகளை நோக்கித் திருப்பி அனுப்புவதே அதன் வேலை. இப்படியான நிலையங்களில் உயரமான கோபுரங்களுக்கு இடையே திரைச்சீலை தொங்குவது போல அன்ரனா வரிசைகளைக் கட்டுவார்கள். அதுவும் அந்த எட்டுப் பேரின் வித்தைதான். ஆனால் 6 மெகாஹேட்ஸ் அலையின் நீளம் 50 மீற்றர் என்பதால் ஒவ்வொரு அங்கமும் 25 மீற்றர் அளவு வரும். கற்றை வானத்தில் ஏறி, அயனமண்டலத்தில் பட்டுத் தெறித்து, தொலைதூர நாடுகளில் இறங்கும். கோபுரம் நிற்கிற ஊருக்கு அது பேசாது. தலைக்கு மேலால் போகும்.

கற்றை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது அரசியல் என்பதற்கு எங்கட நாட்டிலேயே எழுத்தில் சாட்சி இருக்கு. 1987 யூலை 29இல் இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் வெளிநாட்டு ஒலிபரப்பு நிறுவனங்கள் பற்றியும் ஒரு வாசகம் உண்டு. இலங்கையில் அவர்களுக்குக் கொடுத்த வசதிகள் பொது ஒலிபரப்புக்கு மட்டும் பயன்பட வேண்டும், இராணுவ, உளவு வேலைகளுக்குப் பயன்படக் கூடாது, அதற்காக அந்த ஒப்பந்தங்கள் மீளாய்வு செய்யப்படும் என்பது அதன் சாரம். சிலாபத்துக்குப் பக்கத்தில் இரணவிலையில் வொய்ஸ் ஒஃப் அமெரிக்கா நிலையம் கட்டப்பட்டபோது அந்த ஊர் மீனவ மக்கள் அதை எதிர்த்துப் போராடினார்கள். கற்றையைப் பற்றி ராஜதந்திரிகளும் பேசினார்கள், மீனவரும் பேசினார்கள். பேச்சில் வராதது, அந்தக் கோபுரங்களின் நிழலில் இருக்கிற சனத்துக்கு அதனால் என்ன பயன் என்ற கேள்விதான். அதே வருசங்களில் வடக்குக் கிழக்கில் சாதாரணத் தொலைபேசித் தொடர்பே போரால் திரும்பத் திரும்ப அறுந்துகொண்டிருந்தது.

சோனாரிலிருந்து போனுக்கு

இனி பாக்கு நீரிணையைத் தாண்டிக் கொஞ்சம் போக வேண்டும். 1944இல் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ் இளவயதிலேயே இந்தியக் கடற்படையில் சேர்ந்தவர். 1971 டிசெம்பர் 9இல், பாகிஸ்தானிய நீர்மூழ்கி ஒன்று குக்ரி என்ற இந்தியப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. அந்தக் கப்பலின் சோனார் நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கவில்லை. அதற்குப் பிறகு அப்படியான சோனார்களைத் திருத்தும் வேலை பால்ராஜிடம் வந்தது. பின்னர் கொச்சியில் இருக்கிற கடற்படை ஆய்வுகூடத்தில் அப்சோ என்ற புதிய சோனாரை உருவாக்கிய குழுவை அவர் வழிநடத்தினார். 1980களின் தொடக்கத்தில் அது கப்பல்களில் ஏறியது.

சோனார் என்றால் என்ன? கப்பலின் அடியில் பல ஒலிவாங்கிகள். ஒவ்வொன்றுக்கும் சத்தம் வந்து சேர்ந்த நேர வித்தியாசத்தைக் கணக்கிட்டு, நீர்மூழ்கி எந்தத் திசையில் என்று சொல்லுதல். டெனன்டின் தோணி நகர்ந்து நகர்ந்து செய்ததை, இது நின்ற இடத்தில் நின்று செய்கிறது. தண்ணிக்குள்ள கேட்கப் பழகிய அந்தக் கணிதத்தைப் பால்ராஜ் வானொலிக்குக் கொண்டுபோனார். 1980களின் நடுப்பகுதியில் ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் ரோய், தோமஸ் கைலாத் ஆகியோரோடு சேர்ந்து, அன்ரனா வரிசைக்கு வரும் அலைகளின் திசையைக் கணிக்கும் எஸ்பிரிட் என்ற முறையை உருவாக்கினார். 1990களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டுக்குத் திரும்பியவர், அனுப்பும் பக்கமும் வாங்கும் பக்கமும் பல அன்ரனாக்களை வைத்து, ஒரே மீடிறனில் ஒரே நேரத்தில் வேறு வேறு தகவல் ஓட்டங்களை அனுப்பலாம் என்ற யோசனையை முன்வைத்தார். கைலாத்தோடு சேர்ந்து எடுத்த அந்தக் காப்புரிமை 1994இல் வழங்கப்பட்டது. மைமோ என்று இன்றைக்கு எல்லா வைஃபை பெட்டியிலும் போனிலும் இருப்பது அதிலிருந்து வளர்ந்ததுதான். 2014இல் அவருக்கு மார்க்கோனி பரிசு கிடைத்தது.

கொங்கு நாட்டுப் பிள்ளை ஒருத்தர் என்று பெருமைப்படலாம், அது சரி. எங்களுக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, இந்த அறிவு கைமாறிய பாதை. நீர்மூழ்கியைத் தேடிய கணிதம் கடைசியில் அம்மா பிள்ளையோடு வீடியோவில் கதைக்கிறதுக்கு உதவுது. தொழில்நுட்பம் போரில் பிறந்தாலும் அங்கேயே கிடக்க வேண்டும் என்று விதி இல்லை.

மில்லிமீற்றருக்குத் திரும்புதல்

போனில் தகவல் கூடக் கூட, பழைய மீடிறன்களில் இடம் நெரிசலானது. மேலே, போஸ் விட்டுப்போன மில்லிமீற்றர் பக்கம் இடம் வெறுமையாகக் கிடந்தது. ஆனால் அந்த அலை சுவரில் நின்றுவிடும், மழையில் தேயும், கை மறைத்தாலே குறையும், நடமாடும் போனுக்குச் சரிவராது என்று பலர் நம்பினார்கள். 2013இல் இரண்டு விசயங்கள் அந்த எண்ணத்தை மாற்றின. நியூயோர்க்கில் தியடோர் ராப்பபோர்ட்டும் குழுவினரும் நகரத் தெருக்களில் 28 கிகாஹேட்ஸ் அலையை அளந்து, கட்டடங்களில் தெறித்து வருகிற அலையைக்கூடக் கற்றையால் பிடித்துப் பயன்படுத்தலாம் என்று காட்டினார்கள். அதே வருசம் மே மாதத்தில் சம்சுங் நிறுவனம் 28 கிகாஹேட்ஸில் 64 அன்ரனா அங்கங்களைக் கொண்டு செக்கனுக்கு 1 கிகாபிற்றுக்கு மேல், 2 கிலோமீற்றர் தூரம் வரை அனுப்பியதாக அறிவித்தது.

ஏன் 64? அங்கேதான் குட்டை அலையின் நன்மை இருக்கு. 28 கிகாஹேட்ஸின் அலைநீளம் ஏறத்தாழ 10.7 மில்லிமீற்றர், அரை அலைநீளம் 5.4. எட்டுக்கு எட்டு என்று 64 அங்கங்களை அடுக்கினால் பக்கத்துக்கு ஐந்து சென்ரிமீற்றர்கூட வராது. திருகோணமலையில் ஒரு காணி நிறையக் கட்டிய வித்தை, இங்கே ஒரு தீப்பெட்டி இடத்துக்குள் வந்துவிடுகிறது.

கற்றையாக்கலிலும் வகை உண்டு. எல்லா அன்ரனாக்களுக்கும் ஒரே சமிக்ஞையைக் கொடுத்து, அவத்தையை மட்டும் மாற்றினால் அது அனலொக் முறை. மலிவு, ஆனால் ஒரு நேரத்தில் ஒரு கற்றைதான். ஒவ்வொரு அன்ரனாவுக்கும் தனித்தனிச் சுற்று வைத்து எல்லாவற்றையும் கணக்கால் செய்தால் டிஜிட்டல் முறை. பல கற்றைகளை ஒரே நேரத்தில் எறியலாம், ஆனால் விலையும் மின்சாரச் செலவும் மேலே போகும். இரண்டையும் கலந்து, அன்ரனாக்களைச் சில கூட்டங்களாகப் பிரித்துச் செய்வதே கலப்பு முறை. மில்லிமீற்றர் 5ஜியில் பெரும்பாலும் முதலாவதும் மூன்றாவதும்தான்.

போன் எங்கே என்று நிலையத்துக்கு எப்படித் தெரியும்? முகத்துவாரத்து வெளிச்சவீட்டை நினைத்துப் பாருங்க. மில்லிமீற்றர் நிலையமும் அதே மாதிரி, 64 திசைகள் வரைக்கும் ஒவ்வொன்றாகக் கற்றையை வீசித் துழாவும். ஒரு சுற்று 5 மில்லிசெக்கனுக்குள் முடிந்துவிடும். போன் தனக்கு எந்தக் கற்றை நன்றாகக் கேட்டது என்று பதில் சொல்லும். ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கு. வெளிச்சவீடு கடலில் போகிற எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சுற்றும். இந்தக் கற்றை, நிலையம் கட்டப்பட்ட இடத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தான்.

2019இல் எகிப்தில் நடந்த உலக வானொலித் தொடர்பாடல் மாநாடு 26 கிகாஹேட்ஸ் உட்பட மில்லிமீற்றர்ப் பட்டைகளைக் கைபேசிக்கென்று அடையாளம் காட்டியது. 2022 ஆகஸ்டில் முடிந்த இந்தியாவின் 5ஜி ஏலத்தில் 26 கிகாஹேட்ஸ் பட்டையும் விற்கப்பட்டது.

மாரி மழையும் படுவான்கரையும்

இப்ப எங்கட வாவிக்குத் திரும்புவம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இந்த வாவி எங்கட மாவட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. பிரதான வீதி, புகையிரதம், பெரிய வைத்தியசாலை, பெரிய பாடசாலைகள் எல்லாம் கூடுதலாக எழுவான்கரையில். வயலும் மாடும் குளமும் படுவான்கரையில். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும் வரைக்கும் அவ்விடத்தால் கொக்கட்டிச்சோலைக்குப் படகுப்பாதையில்தான் போக வேண்டும். போரின் அடி இரண்டு கரையிலும் விழுந்தது, படுவான்கரையில் கூட விழுந்தது. கொரோனாக் காலத்தில் பாடம் போனுக்குள் போனபோது, வீட்டு முற்றத்தை விட்டுக் குளக்கட்டுக்கு ஏறினால்தான் சிக்னல் என்ற நிலைமையை நாங்கள் கண்டோம். அந்தப் பிள்ளைகளிடம் போய் மில்லிமீற்றர் அலை பற்றிப் பேசினால் சிரிப்பார்கள்.

அதிலும் எங்கட மழை ஒரு தனிக் கணக்கு. 64 அன்ரனாக்கள் சேர்ந்தால் கிடைக்கிற இலாபம் 18 டெசிபல், அதாவது 64 மடங்கு. மணித்தியாலத்துக்கு 100 மில்லிமீற்றர் வீதத்தில் கொட்டுகிற மழையில் 28 கிகாஹேட்ஸ் அலை ஒரு கிலோமீற்றர் போனால் இழப்பதும் ஏறத்தாழ 18 டெசிபல். அத்தனை அன்ரனாவும் சேர்த்த இலாபத்தை ஒரு கிலோமீற்றர் மழை தின்றுவிடும். மாரியில் அப்படியான மழை எங்களுக்குப் புதிதில்லை. ஆகவே மில்லிமீற்றர் அலை வந்தால் எல்லாம் சரியாகும் என்று யாராவது சொன்னால், மாரியில் வந்து காட்டுங்க என்று கேட்கலாம்.

இது வெறும் கணக்கு இல்லை. 1978 நவம்பர் 23 சூறாவளியை இங்கே வயசானவங்க இன்றைக்கும் நாள் சொல்லிப் பேசுவாங்க. 2004 டிசெம்பர் 26இல் சுமாத்திராவில் நிலம் அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் கழித்தே அலை எங்கட கரைக்கு வந்தது. நிலம் அதிர்ந்தது உலக ஆய்வு நிலையங்களுக்குச் சில நிமிசங்களிலேயே தெரியும். நாவலடிக்கும் கல்லடிக்கும் அந்தச் செய்தி வந்து சேர வழி இருக்கவில்லை. 1942ஐ நினைத்துப் பாருங்க. தெரிந்தது, ஆனால் வந்து சேரவில்லை. 62 வருசம் கழித்தும் அதே கதைதான்.

அதனால் புதிய தொழில்நுட்பம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வாவி இந்த அலைக்குத் தடையில்லை, சில இடங்களில் வசதியும்கூட. தண்ணிக்கு மேல் மரமும் கட்டடமும் இல்லை. எழுவான்கரையில் ஒரு ரவர், படுவான்கரையில் ஒரு ரவர், இரண்டுக்கும் இடையில் குறுகலான நேர்க்கற்றை என்று போட்டால், வாவியைச் சுற்றிக் கேபிள் இழுக்காமல் கிராமங்களுக்கு வேகமான இணைப்பைக் கொண்டுபோகலாம். தட்டையான தண்ணியில் தெறித்து வரும் அலை நேராக வருவதோடு மோதாமல் இருக்க உயரத்தைக் கவனமாகத் தெரிவு செய்ய வேண்டும். கடும் மழையில் தானாகவே குறைந்த மீடிறனுக்கு மாறுகிற ஏற்பாடும் வேண்டும். ஊருக்குள் வீடு வீடாகப் போக, தென்னைக்குள்ளும் கண்டலுக்குள்ளும் நுழையக்கூடிய குறைந்த மீடிறன்களே போதும். இதெல்லாம் தெரிந்த பொறியியல். தெரியாதது, யார் இதைக் கேட்கப் போகிறார்கள் என்பதுதான்.

கேட்க வேண்டிய இடமும் தெரிந்ததே. மீடிறன் நாட்டின் பொதுச் சொத்து. அதை நிறுவனங்களுக்குக் கொடுப்பது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. கொடுக்கும்போது என்ன நிபந்தனை, எத்தனை வருசத்துக்குள் எந்தக் கிராமங்களுக்குச் சேவை, மின்சாரம் நின்றால் ரவர் எத்தனை மணித்தியாலம் இயங்கும், சூறாவளி எச்சரிக்கை எந்த வழியால் வரும் என்று எழுத்தில் கேட்கலாம். பிரதேச சபை உறுப்பினரிடமும் கேட்கலாம். கற்றை குறுகக் குறுக, அதற்கு வெளியே நிற்கிறவங்களுக்கு எதுவும் கேட்காது. முந்தி பரந்த அலையின் ஓரத்திலாவது ஒரு கோடு சிக்னல் கிடைத்தது.

உயர்தரம் படிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்று சொல்லி முடிக்கிறோம். இந்த வித்தையைச் செய்து பார்க்க 28 கிகாஹேட்ஸ் கருவி தேவையில்லை. தூரம் அளக்கிற அல்ட்ராசொனிக் சென்சரில் இருக்கிற 40 கிலோஹேட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் ஏறத்தாழ 8.6 மில்லிமீற்றர். அதுவும் மில்லிமீற்றர் அலைதான், ஒலி என்பது மட்டும் வித்தியாசம். அப்படி எட்டை வரிசையாக ஒட்டி, ஒரு ஆர்டுயினோவால் ஒவ்வொன்றுக்கும் சின்னத் தாமதம் கொடுத்தால், வரிசையை அசைக்காமலே கற்றை திரும்புவதைக் காணலாம். சென்சரின் வாய் 16 மில்லிமீற்றர் அகலம், அலைநீளத்தின் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால் நேர்க்கற்றையோடு 32 பாகையளவில் பக்கத்துக்கு ஒன்றாகப் போலிக் கற்றைகளும் தெரியும். அரை அலைநீள இடைவெளி ஏன் வேண்டும் என்று அதைப் பார்த்தாலே விளங்கிவிடும். பாடசாலை விஞ்ஞான மன்றம் ஒன்று ஒரு சனிக்கிழமையில் செய்யக்கூடிய வேலை இது. படுவான்கரைப் பாடசாலை எதுவும் செய்ய விரும்பினால் எங்களுக்கு எழுதுங்க. சாமான்களோடு நாங்கள் வாறம்.